கரண்டி ஸ்டாண்டில் ஒரு குரல்

பெரியம்மாவின் குரல், சல்லிக்கரண்டிக்கும் பருப்பு மத்துக்கும் நடுவில், கரண்டி ஸ்டாண்டில் சொருகியிருந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவள் அதைப் பார்த்ததும் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தில் பெரியப்பாவும் அவருடைய மில் நண்பர்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது பெரியம்மா. குரல் இங்கே கிடக்கிறது, பேச்சு அங்கே நடக்கிறது! புதுக் கருவிகளை மக்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வகுப்பில் நான் உருப்போட்ட கோட்பாடு எதிலும் இந்தச் சமையலறைக்கு இடமில்லை என்று அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

அந்தக் கருவி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை நீளத்தில் சாம்பல் நிறக் குழல். ஒரு பொத்தான், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். தொண்டையில் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் அதைத் தாடைக்குக் கீழே கழுத்தில் அழுத்திப் பொத்தானைத் தட்டினால் ரீங்காரம் ஒன்று கிளம்பும். வாயை வழக்கம்போல அசைத்தால் அந்த ரீங்காரமே சொல்லாக மாறி வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுரத்தில்தான். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருந்ததால் பெரியம்மா அதற்கு டார்ச்சு என்றே பெயர் வைத்துவிட்டாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. வீடு முதலியார்பேட்டையில். அவள் குரல் இருந்த காலத்தில் அது ஒரு வீட்டுக்கான குரலாக இருந்ததில்லை, தெருவுக்கே போதும். தெருமுனையில் நான் சைக்கிளைத் திருப்பும்போதே “ஏய் பாப்பா, சாப்ட்டியா?” என்று கேட்டுவிடுவாள். அந்தக் கத்தலுக்கு ஒரு காரணம் பெரியப்பா. அவர் பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடி ரொம்ப நாளாகிறது. ஆனால் தறிச் சத்தம் அவர் காதைப் பாதி தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. அதனால் பெரியம்மா அவரிடம் எப்போதும் நேருக்கு நேர் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செதுக்கிக் காட்டுவதுபோலப் பேசுவாள். தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். சில நாள் சண்டையும் போட்டார்கள்தான்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்தார்கள்; உயிர் பிழைத்தாள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி. வார்டில் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்க, பெரியம்மா சிலேட்டை எட்டி எடுப்பதற்குள் பெரியப்பா சொன்னார்: “தண்ணி கேக்குறா சிஸ்டர். சுடுதண்ணியா வேணுமாம். அந்த ஃபேன அணைக்கச் சொல்றா.” நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆனால் அப்போது அதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ள என் தலையில் இடமில்லை. தலை முழுக்க வேறொரு அதிசயம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம்தான் எம்.பி.ஏ. சேர்ந்திருந்தேன். முதல் பருவத்திலேயே மார்க்கெட்டிங் சார் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தார். இது எனக்குப் பயன்படுமா? இதைக் கையாளச் சுலபமா? இந்த இரண்டு கேள்விக்கும் மனசு சொல்லும் பதில்தான், ஒருவர் ஒரு கருவியைக் கையில் எடுப்பாரா மாட்டாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்றார். அடுத்த வகுப்பில் ஒரு மலை வரைந்தார். இடது அடிவாரத்தில் எதையும் முதலில் பாய்ந்து எடுப்பவர்கள், ஏற்றத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள், உச்சிக்கு இரண்டு பக்கமும் ஊர் மொத்தமும், வலது அடிவாரத்தில் கடைசிவரை முரண்டு பிடிப்பவர்கள். எனக்குப் புல்லரித்துப் போனது. மனிதர்கள் மனசுக்குள் நடப்பதை இப்படி அம்பும் மலையுமாக வரைந்து காட்ட முடியுமா! பஸ்ஸில் போகும்போதுகூடப் பக்கத்து சீட்டுக்காரரை மலையில் எங்கே வைக்கலாம் என்று யோசிப்பேன். அம்மாவை ஏற்றத்தில் வைத்தேன். பெரியப்பாவை வலது அடிவாரத்தில், டிவி ரிமோட்டோடு சேர்த்து.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் ஸ்பீச் மேடம் என்பார்கள். அவர் இந்தக் கருவியைக் காட்டியபோது நான் துள்ளிக் குதிக்காத குறை. பயன்? குரலே போனவளுக்கு இதைவிடப் பயன் எது? சுலபம்? ஒரே பொத்தான். இரண்டு கட்டமும் நிரம்பி வழிகிறது. “பாருங்க மேடம், எங்க பெரியம்மா முதல் நாளே பிச்சு உதறிடுவாங்க” என்றேன். மேடம் சிரித்துக்கொண்டே, “பாக்கலாம்மா, வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்” என்றார். பெரியம்மாவும் பயிற்சியை வேகமாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். மீன் பக்கம் அவள் பேரம் பேசும் அழகைத் திரும்பக் கேட்கலாம் என்று எனக்கு ஆசை. அவள் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மாவின் எதிரே நின்று, கருவியைக் கழுத்தில் வைத்து, வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டாள்.

அந்த அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து, “அய்ய, இன்னாம்மா இது, செல்போனு பேசுது!” என்றார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை, திகைப்புதான். ஆனால் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மார்க்கெட் இரைச்சலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்ததுபோல ஒரு சின்ன அமைதி. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பெரியம்மா கருவியைப் பைக்குள் போட்டாள். விரலால் மீனைக் காட்டினாள். அந்த அம்மா இரக்கப்பட்டுப் பேரமே இல்லாமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார். பெரியம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை என்று அவள் நடந்த வேகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து வெங்காயம், தக்காளி, மீன் எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக டார்ச்சு வந்தது. அதைக் கழுவாத கரண்டியைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் சொருகினாள்.

நான் விடவில்லை. கட்டங்களை வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கஷ்டமாக இருக்கிறதா? இல்லை என்று தலையசைத்தாள். பயன் இல்லையா? இருக்கிறது. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றா? அதற்கு உதட்டைப் பிதுக்கினாள். அவள் யாருக்குப் பயந்திருக்கிறாள்! பிறகு ஏன்? சிலேட்டில் எழுதினாள்: ‘யார் கிட்ட பேச?’ நான் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். பேச யாருமில்லை என்கிறாள் போல என்று அம்மாவிடம் சொல்லி இரண்டு பேரும் கண் கலங்கினோம். அது வருத்தமில்லை, நேரான கேள்வி என்று புரியப் பொங்கல் வரவேண்டியிருந்தது.

பொங்கலுக்கு மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்தச் சமையலறை நாள். ஆலை மூடிய பிறகும் பெரியப்பாவின் நண்பர்கள் அன்று கூடுவது வழக்கம். அதில் ஒருவர் எந்த வெயிலிலும் பிரெஞ்சுத் துரை மாதிரித் தொப்பி போடுவதால் எல்லோருக்கும் அவர் முசியே. நான்கு பேருக்கும் காது மந்தம். தறி ஓடும் கூடத்தில் ஒருவர் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதாம். அதனால் அங்கே எல்லோரும் உதட்டாலும் கையாலும்தான் பேசுவார்கள். பத்துத் தறி தள்ளி நிற்பவரோடு வீட்டுக் கதை முழுக்கப் பேசி முடிப்பார்கள். மேஸ்திரி வந்தால் மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணாடியைத் தள்ளுவதுபோல ஒரு சைகை. அது ஒரு கூடம் முழுக்க ஓடிப் பரவும். மேஸ்திரி உள்ளே வரும்போது எல்லோரும் தறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று கூடத்தில் பெரியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். உதடு ஓடுகிறது, கை ஓடுகிறது, புருவம் ஓடுகிறது. சத்தம் ஒரு துளிகூட இல்லை. நான்கு ஆண்களும் அவள் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரிக்கிறார்கள். முசியே தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டுகிறார். ஒருவர் சத்தமில்லாமல் உதட்டாலேயே பதில் சொல்கிறார். அதற்குப் பெரியம்மா தோள் குலுங்கச் சிரிக்கிறாள். நான் வாசற்படியில் நின்று ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். நல்ல காது இரண்டும் எனக்கு இருந்தன. அந்த அறையில் காது கேட்காதவள் நான் ஒருத்திதான். என்னைப் பார்த்ததும் பெரியம்மா மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்தாள். ஐந்து பேரும் சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். “என்னயத்தான சொல்றீங்க?” என்றேன். “வேற யாரு? கேள்வி கேட்டே சாவடிக்கிற மேஸ்திரி நீதான” என்றார் முசியே. அதற்கும் ஒரு வெடிச் சிரிப்பு. நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்கு ஓடினேன். அங்கே டார்ச்சு நின்றுகொண்டிருந்தது.

யார் கிட்ட பேச? பெரியம்மா பேச விரும்பிய ஆட்களுக்கு அவள் குரல் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தது எங்களுக்குக் கேட்ட குரலைத்தான். பெரியப்பாவுக்கு எதுவுமே போகவில்லை. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? பயன் என்றால் யாருக்கும் யாருக்கும் நடுவில் பயன்?

அதே வருடம் பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அவருக்கு இருந்தது ஒரு கண்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டை பறந்து இடது கண்ணில் அடித்துவிட்டது. அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். வலது கண்ணில் புரை கூடக் கூட, அந்த வீட்டில் பேச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் பெரியப்பா அவளை விளக்குக்குக் கீழே கூப்பிட்டார். பிறகு, “ஜன்னல் பக்கம் வந்து சொல்லுடி” என்பார். பெரியம்மா மாவுக் கையோடு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி மறுபடி சொல்வாள். கொஞ்ச நாளில் மறுபடி சொல்வதையும் நிறுத்தினாள். ஆபரேஷனுக்கு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. “இருக்கிறது ஒரு கண்ணு. அதையும் கட்டிட்டா?” என்பார். கண் போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நாங்கள் தைரியம் சொன்னோம். கடைசியில் சம்மதிக்க வைத்தோம். சாப்பாடு, சொட்டு மருந்து, ஆட்டோ, கூட இருக்க ஆள், எல்லாம் யோசித்தோம். கண்ணுக்குத்தானே ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அவருக்குக் காது எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மத்தியானம் கட்டோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில்தான் பிரிப்பார்கள். கட்டிலில் சாய்ந்ததும் அவளைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், கையைப் பிடித்தாள். “எங்கடி போன?” என்றார். கையை அழுத்தினாள். “என்னா சொல்ற?” நான் நடுவில் புகுந்தேன். பெரியம்மா என்னிடம் உதட்டால் எதையோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. சிலேட்டில் எழுதினாள், நான் அவர் காதில் கத்தினேன். பாதிதான் கேட்டது. அவர் வேறெதையோ கேட்டார். அவள் மறுபடி எழுதினாள். அஞ்சல் ஓட்டத்தில் கோலைக் கீழே போட்டுக்கொண்டே ஓடுவதுபோல இருந்தது. பெரியப்பா என் குரலைக் கையால் விலக்கினார். “நீ இரு பாப்பா. அவ பேசட்டும்.” பிறகு, முகம் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் மேலே பார்த்துக்கொண்டு, “கையப் புடிச்சாப் போதுமா? பேசுடி” என்றார். அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியம்மா எழுந்து போனாள். சமையலறையில் கரண்டிகள் சரிந்து விழும் சத்தம். திரும்பி வந்தவள் கையில் டார்ச்சு. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து, கருவியைக் கழுத்தில் வைத்தாள். அவர் நெற்றியில் வைத்த கையை எடுத்துக் கட்டின் ஓரத்தைச் சொறியப் போன நேரம் அது. பொத்தானை அழுத்தினாள்.

“கண்ணத் தொடாத.”

பெரியப்பாவின் கை காற்றிலேயே நின்றது. மெல்ல, மிக மெல்ல, வாய் கோணி ஒரு சிரிப்பு வந்தது. “தறிய ஓட விட்டுட்டாளே!” என்றார். “கேக்குதா?” என்று அந்த ரீங்காரம் கேட்டது. “கேக்காம? அந்தச் சத்தம் மட்டுந்தான எனக்குக் கேக்கும்!” பிறகு ஸ்பீச் மேடத்திடம் கேட்டபோது விளக்கினார்: ஆலைச் சத்தம் முதலில் தின்பது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறனை, தாழ்ந்த ரீங்காரம் கேட்பது கடைசிவரை மிஞ்சும். எங்கள் குரல்களில் அவருக்கு உடைந்து போனதெல்லாம் அந்தக் கருவியின் குரலில் உடையாமல் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தை அவர் வருடக்கணக்கில் அவள் உதட்டைப் படித்து, அவள் என்ன சொல்வாள் என்று ஊகித்துப் பழகியதால் நிரப்பிக்கொண்டார். மீன் மார்க்கெட்டை மிரள வைத்த அதே சத்தம்! விளக்கம் தெரிந்த பிறகும் எனக்கு அந்த வியப்பு குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது. அன்று சாயங்காலம் முழுக்க அந்த அறையிலிருந்து ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். பார்வை பளிச்சென்று திரும்பியது. இனி டார்ச்சு ஸ்டாண்டுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். போனது, ஆனால் அங்கேயே இருக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே அதை எடுத்து, சொல் எதுவும் இல்லாமல் இரண்டு முறை ரீங்கரிக்க விடுவாள். வாசலில் பேப்பரோடு இருப்பவர் எழுந்து வருவார். மூன்று முறை என்றால் கோபம். கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் நின்றால் மட்டுமே பேச முடிந்த இரண்டு பேர், முதன்முறையாக ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். “இவ தொல்ல தாங்கலப்பா, கொல்லைக்குப் போனாலும் கூப்புடுறா” என்று முசியேவிடம் புகார் சொல்லும்போது பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கருவியைச் செய்தவர்கள் அதைப் பேசச் செய்தார்கள். இவள் அதைப் பாதி நேரம் மணியாக்கிவிட்டாள். கையில் எடுப்பவர் பொருளைத் தனக்கேற்ப மறுபடி செய்துகொள்வார் என்பதும் பாடத்தில் இருக்கிறது. ஒரு வரியில் படித்துத் தாண்டியிருந்தேன்.

இப்போது ஆய்வுக்கு அதையே தலைப்பாக எடுத்திருக்கிறேன். சாரிடம், கேள்விகளை ஒரு ஆளிடம் கேட்காமல், பேசிக்கொள்கிற இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன் என்றேன். “ரெண்டு பேருக்கு ஒரே பதிலா? எப்படிம்மா கணக்குப் போடுவ?” என்றார். தெரியவில்லை சார் என்றேன். சரி, முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் அவர். ஸ்பீச் மேடமும் கூப்பிட்டிருந்தார். வார்டில் ஒரு விவசாயி; பெரியம்மாவுக்குச் செய்த அதே அறுவை சிகிச்சை. கருவியைத் தொட மாட்டேன் என்கிறாராம், சிலேட்டையும் தள்ளிவிடுகிறாராம், சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாராம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாராம்.

அதனால் இன்று காலை கோரிமேட்டுக்குக் கிளம்புகிறோம். போனதும் கருவியை வெளியே எடுக்கப் போவதில்லை. அந்த இரண்டு பேரையும் முதலில் முகத்துக்கு முகம் உட்கார வைக்க வேண்டும். அந்த அம்மாவை அவர் உதட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எதிரில் பெரியம்மாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். டார்ச்சு எப்போது வெளியே வரும், வருமா என்பதை அந்த விவசாயி முடிவு செய்யட்டும். பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை, ஆனால் பயத்தால் இல்லை.

சமையலறை வாசலில் அதே இடத்தில் நிற்கிறேன். பெரியம்மா ஸ்டாண்டிலிருந்து டார்ச்சை உருவி, முந்தானையில் துடைத்து, பைக்குள் வைக்கிறாள். சல்லிக்கரண்டி சரிந்து பருப்பு மத்தின் மேல் சாய்ந்துகொள்கிறது. திரும்பி என்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. புது பேட்டரி போட்டியா என்கிறாள். எனக்குப் புரிகிறது, ஒரு எழுத்து விடாமல் புரிகிறது. போட்டுட்டேன் பெரியம்மா என்கிறேன், குரல் இல்லாமல், வெறும் உதட்டால்.

“போட்டாச்சுல்ல, அப்பால என்னா பேச்சு, பஸ்ஸு போயிடப் போவுது” என்கிறார் வாசலில் நின்று எங்கள் உதட்டைப் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா.